எலி கடிக்கவில்லை

கார்களுக்குப் பாட்டு செட் மாட்டிக் கொடுப்பது என் தொழில். கோபிச்செட்டிபாளையம் பக்கம் கடை வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் மாற்றிக் கொடுப்பதோடு நிற்கிற கடை இல்லை. டிக்கி நிறையப் பெட்டி வைத்து, ஆம்ப்ளிஃபையர் பூட்டி, பின்கண்ணாடி நடுங்கும்படி பேஸ் அடிக்கிற செட்டுகள் செய்கிறோம். அதற்காகவே அந்தியூர், பவானி, சத்தி என்று பல பக்கமிருந்தும் வருவார்கள். இந்தத் தொழிலில் நான் பல வருஷம் தெரிந்தே ஒரு தப்பு செய்தேன். அதனால் ஒரு வண்டி புகைந்தபோது பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிய ஒரு பெரியவர், நான் சுமந்திருக்க வேண்டிய பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு ரொம்ப நாள் இருந்தார். இதை எழுத அவரும் அவர் மகளும் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒதுங்க எனக்கு வழியில்லை. நான் ஐடிஐயில் ஒயர்மேன் படித்தவன். எந்த லோடுக்கு எந்த ஒயர், எங்கே ஃபியூஸ் என்பது அங்கே முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்த பாடம். வீட்டு மெயின் போர்டில் நான் ஒருநாளும் இந்தத் தப்பைச் செய்ததில்லை. காரில் செய்தேன். 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷாக் அடிப்பது வோல்டேஜைப் பொறுத்தது, ஒயர் சூடாவது ஆம்பியரைப் பொறுத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

தப்பு என்னவென்று புரிய ஒரு கணக்கு சொல்ல வேண்டும். கடைக்கு வரும் பையன்கள் ஆம்ப்பின் அட்டைப்பெட்டியைத்தான் பார்ப்பார்கள். 3000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உண்மையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆம்ப்பின் ஓரத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். 40 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால், அந்த ஆம்ப் நிலையாக இழுக்கக்கூடியது சுமார் 80 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது வண்டியில் 13.8 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொண்டால் உள்ளே போவது 1104 வாட். கிளாஸ் டி வகை ஆம்ப் அதில் ஐந்தில் நாலு பங்கை ஸ்பீக்கருக்குத் தரும், மீதியைச் சூடாக விடும். ஆகக் கைக்கு வருவது 900 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய கிளாஸ் ஏபி வகை என்றால் பாதிக்குச் சற்று மேலே கிடைத்தாலே அதிகம். அந்த 900 வாட்டே ஒரு சின்னக் காருக்குள் தாராளமான சத்தம். 3000 என்று நம்பி வாங்குகிறவனிடம் இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியதில்லை. 3000 என்றே பில் எழுதினேன்.

அந்த 80 ஆம்பியர் எங்கிருந்து வரும்? சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் 70 ஆம்பியர் அளவில் இருக்கும். அதுவும் என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான். சிக்னலில் நிற்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். அதிலிருந்துதான் ஹெட்லைட், ஏசி ஊதி, ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்பு எல்லாம் ஓட வேண்டும். மிச்சத்தைப் பேட்டரி கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் சில விநாடிக்கு மொத்தமாகக் கரண்டைக் கொட்டிவிட்டு உடனே திரும்ப நிரம்பிக்கொள்ளும்படி செய்த பேட்டரி அது. அதை மணிக்கணக்கில் உறிஞ்சினால் ஆயுள் குறையும். பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறதே அண்ணா என்று கேட்ட பையன்களுக்கு நான் ஒரு கெப்பாசிட்டர் விற்றேன். நீல வெளிச்சத்தில் வோல்டேஜ் ஓடுகிற, பார்க்க அழகான சாமான். 1 ஃபேரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். 1000 வாட் இழுக்கிற ஆம்ப் அதை ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கில் தீர்த்துவிடும். ஒரு பேஸ் அடியே அதைவிட நீளம். இந்தக் கணக்கும் எனக்குத் தெரியும். லாபம் நன்றாக இருந்ததால் விற்றேன்.

இனி ஒயர். பேட்டரி முன்னால், ஆம்ப் டிக்கியில், நடுவே சுமார் 5 மீட்டர். 80 ஆம்பியருக்குக் குறைந்தது 4 கேஜ் சுத்தச் செம்பு வேண்டும். அதன் குறுக்குப் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர். அந்த ஒயரில் முழு லோடில் இழப்பது மூன்றில் ஒரு வோல்ட்தான். நான் போட்டது மொத்த மார்க்கெட்டில் கட்டுக் கட்டாய்க் கிடைக்கும் ஒயரிங் கிட். மேலே 4 கேஜ் என்று அச்சடித்திருக்கும், தொட்டால் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். பிளேடால் சீவிப் பார்த்தால் தடிமனெல்லாம் ரப்பர் உறையில்தான். உள்ளே இருப்பது அலுமினியம், அதன்மேல் மெல்லிய செம்புப் பூச்சு. செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். பரப்பும் பார்த்தால் 8 கேஜ் அளவுக்குத்தான் தேறும். அதில் 80 ஆம்பியர் ஓடினால் ஒன்றே கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். வோல்ட் போவதைவிட அது எப்படிப் போகிறது என்பதுதான் விஷயம். ஏறக்குறைய 100 வாட் சூடாக, கார்ப்பெட்டுக்கு அடியில் போகும். பாட்டு விட்டு விட்டு அடிப்பதால் ஒயர் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடித்ததால் நானும் பழகிவிட்டேன்.

ஒயர்கூட இரண்டாவதுதான். பெரிய தப்பு ஃபியூஸில்.

பேட்டரிப் பக்கம் போடுகிற ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்புக்கு அதன் உடம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரி அருகே வைப்பது ஒயருக்காக. காரின் இரும்பு உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ். முன்னாலிருந்து பின்னால் வரை ஓடுகிற பாசிட்டிவ் ஒயர் வழியில் எங்காவது தோல் உரிந்து அந்த இரும்பில் பட்டால், கரண்ட் ஆம்ப் வரைக்கும் போகவே போகாது. பேட்டரியில் கிளம்பி, பட்ட இடத்தில் பாடிக்குள் இறங்கி, அப்படியே பேட்டரிக்குத் திரும்பிவிடும். தடுக்க எதுவும் இல்லாததால் பல நூறு ஆம்பியர் கொட்டும். அந்தப் பாதையில் ஃபியூஸ் இருந்தால் அது கண நேரத்தில் எரிந்து கரண்டை அறுத்துவிடும். பாதைக்கு அப்பால், டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபியூஸுக்கு அந்தக் கரண்ட் எட்டவே எட்டாது. அதனால்தான் பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள், 45 சென்டிமீட்டருக்குள், ஃபியூஸ் வைக்கச் சொல்கிறார்கள். கார் ஆடியோவில் இதைவிட முக்கியமான விதி எதுவும் கிடையாது.

நான் அதை டிக்கியில் வைத்தேன். தங்க நிறத்தில் பளபளக்கும் ஹோல்டர், உள்ளே சிவப்பு விளக்கு, மேலே கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி. ஆம்ப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தால் டிக்கியைத் திறந்ததும் கண்ணைப் பறிக்கும். பையன்கள் ஃபோட்டோ எடுப்பார்கள். பானட்டுக்குள் கறுப்பு டேப் சுற்றி வைத்தால் யார் பார்ப்பார்கள்? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைத்திருக்கலாம். ஒரு ஹோல்டரின் விலையும், பேட்டரிக்குப் பக்கத்தில் இடம் தேடிப் பொருத்தும் முக்கால் மணி நேரமும் மிச்சமானது. அதற்காகத்தான் வைக்கவில்லை.

நான் எல்லா வேலையிலும் இப்படி இருந்தவன் இல்லை. அதைத் தற்பெருமைக்குச் சொல்லவில்லை, என் குற்றம் அதனால் கூடுகிறது என்பதால் சொல்கிறேன். ஊஃபர் பெட்டி செய்வதில் எனக்கு வெறி. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ல் எழுதிய கட்டுரையும், அதை எழுபதுகளில் ரிச்சர்டு ஸ்மால் விரித்து எழுதியதும்தான் இன்று உலகம் முழுக்கப் பெட்டிக் கணக்குக்கு அடிப்படை. ஊஃபரோடு வரும் தாளில் இருக்கிற தீல்-ஸ்மால் அளவுகளை எடுத்து, காற்றுக் கொள்ளளவு எத்தனை லிட்டர், போர்ட் எவ்வளவு நீளம், எந்த ஹெர்ட்ஸில் பெட்டி முழங்கும் என்று ராத்திரி உட்கார்ந்து போடுவேன். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையை அறுத்து, மூட்டுகளில் பசை வைத்து, ஒரு நூல் காற்றுக்கூடக் கசியாமல் அடைப்பேன். பெட்டி முழங்கும் அளவுக்குக் கீழே இறங்கும் ஹெர்ட்ஸில் ஊஃபரின் கோன் பிடிமானம் இல்லாமல் துள்ளிக் கிழியும் என்பதால் சப்சானிக் ஃபில்டரை வைக்காமல் ஒரு வண்டியையும் அனுப்ப மாட்டேன். ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய் ஊஃபர் கிழிந்துவிடக் கூடாதென்று அவ்வளவு கவனம் எடுத்தவன், உள்ளே உட்காருகிற ஆட்களுக்காக ஒரு ஃபியூஸ் வைக்கவில்லை. காதுக்குக் கேட்பதிலும் கண்ணுக்குத் தெரிவதிலும் நேர்மையாக இருந்தேன். யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் திருடினேன்.

அந்தப் பையன் வந்தது ஒரு பழைய ஹேட்ச்பேக்கில். விவசாயக் குடும்பம். அப்பா மஞ்சள் விற்ற காசில் செகண்ட் ஹேண்டாக எடுத்துக் கொடுத்த வண்டி. நல்ல பையன். பேசும்போதெல்லாம் "ஏனுங்ணா, இது போதுங்களாண்ணா" என்று கேட்பான். பன்னிரண்டு அங்குல ஊஃபர் இரண்டு, மோனோ ஆம்ப் ஒன்று. அவன் கையில் இருந்த பணத்துக்குள் முடிக்க வேண்டும். நான் பெட்டியில் குறைக்கவில்லை, ஊஃபரில் குறைக்கவில்லை. ஒயரில் குறைத்தேன். கதவோரத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றி அதற்குள் ஒயரை இழுப்பதுதான் முறை. அது நேரம் பிடிக்கும், பழைய வண்டியில் கிளிப் உடைந்தால் நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கி, முன்சீட்டுக்கு அடியில், சீட் நகர்கிற ரெயிலை ஒட்டி ஒயரைத் தள்ளிவிட்டேன். ரெயிலைத் தாங்கும் தகட்டின் விளிம்பு கூராக இருந்ததைப் பார்த்தேன். டேப் ரெண்டு சுற்று சுற்றினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கெயினையும் அளவுக்கு மேல் திருகி அனுப்பினேன். அது எல்லாருக்கும் செய்கிற வேலை. கெயின் சத்தத்தைக் கூட்டுகிற திருகு இல்லை. செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பை இணங்க வைப்பது. 1 ஓமில் 900 வாட் தருகிற ஆம்ப் என்றால், 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து 30 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, ஊஃபரின் காயில் தேவையில்லாமல் சூடேறும். ஆனால் வண்டியை எடுக்க வரும் பையன் முதல் பாட்டிலேயே மிரள வேண்டும் என்பது எங்கள் கடைகளின் வழக்கம். ஆறேழு மாதத்தில் காயில் கருகிய வாசத்தோடு திரும்பி வந்தால், பாட்டு டவுன்லோடு சரியில்லை தம்பி என்று சொல்லி, ரிப்பேருக்குக் காசும் வாங்குவேன். இப்படிச் சின்னச் சின்னதாகச் சொல்லிப் பழகிய வாய்க்கு, பெரிய பொய் வேண்டியிருந்தபோது தடுமாற்றமே இல்லை.

பல மாதம் வண்டி ஓடியது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, தகடு ஒயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் பையன் தன் அக்காவின் குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு பவானிக்குப் போகும் வழியில் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. செட் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஓட வேண்டியதும் இல்லை. அந்த ஒயரில் பேட்டரி எப்போதும் உயிரோடு இருக்கும். சாவியைத் திருப்பி எடுத்தும் புகை நிற்கவில்லை, ஏனென்றால் பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவே சாவியும் கிடையாது, ஃபியூஸும் கிடையாது. பெரியவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் ஓடினார். பின்னால் வந்த லாரிக்காரர் ஸ்பேனரோடு ஓடிவந்து பானட்டைத் திறக்கச் சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். அந்த மனிதர் யாரென்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் மட்டும் வராமல் போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், வேறு இடத்தில் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். முன்சீட்டின் அடிப்பாகமும் கார்ப்பெட்டும் கருகின. குழந்தைக்கு இருமல் மட்டும், இரண்டு நாளில் சரியாயிற்று.

வண்டியை இழுத்துக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தார்கள். பையன் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் கார்ப்பெட்டைத் தூக்கினேன். சீட் தகட்டின் விளிம்பில் உருகிய உலோகம் மணி மாதிரி ஒட்டியிருந்தது, சுற்றிலும் கறுப்பு. பேட்டரியிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும் ஒயரின் தோல் முழுதும் வெந்து போயிருந்தது. அந்தப் புள்ளிக்கு அப்பால், டிக்கி வரைக்கும், ஒயர் புதுசு மாதிரி இருந்தது. டிக்கியில் என் தங்க ஹோல்டரில் ஃபியூஸ் எரியாமல் அப்படியே இருந்தது. ஐடிஐயில் படிக்கிற பையன்கூட அதைப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுவான். நான் உப்புத்தாளை எடுத்து அந்த விளிம்பைத் தேய்த்தேன். இந்த வாக்குமூலத்தில் எழுத எனக்கு ரொம்பக் கஷ்டமான வரி இதுதான். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று பொய்யைச் சொல்லலாம். உப்புத்தாளைத் தேடி எடுத்துத் தேய்த்ததை அப்படிச் சொல்ல முடியாது.

பெரியவர் வந்து கேட்டார். "என்ன தம்பி ஆச்சு?"

"எலி கடிச்சிருக்குதுங்கய்யா. ஒயரைக் கடிச்சு விட்டுருக்குது. வண்டி எங்க நிறுத்துறீங்க?"

அவர் முகம் மாறியது. மக்காச்சோளமும் தீவனமும் போட்டுவைக்கிற கொட்டகையில் நிறுத்துகிறோம் என்றார். வெயிலில் நின்றால் பெயின்ட் போய்விடும் என்று அங்கே நிறுத்தச் சொன்னது தான்தான் என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் பக்கத்தில் எலி வண்டி ஒயரைக் கடிப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு வசதியாக இருந்தது. புது ஒயருக்கும் கூலிக்கும் பணம் வாங்கினேன். எலி வராமல் இருக்க அடிக்கிற ஸ்பிரே ஒன்றும் விற்றேன்.

அவன் வண்டிக்கு மறுபடி ஒயர் இழுத்தபோது சுத்தச் செம்பு போட்டேன், கதவோரத்தில் கொண்டுபோனேன், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் வைத்தேன். அவனுக்கு ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்த வேறொரு வண்டிக்குப் பழையபடியே டிக்கியில் வைத்தேன். இதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிற பையன்கள் இருந்தார்கள். திடீரென்று எல்லா வண்டிக்கும் முறையை மாற்றினால், அந்த வண்டி ஏன் புகைந்தது என்று அவர்கள் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். என் மானத்துக்காக இன்னும் சில வண்டிகளை அதே ஆபத்தோடு சாலையில் விட்டேன். மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவந்தேன், யாரும் கவனிக்காதபடி.

சில வருஷம் கழித்துப் பெரியவர் கடைக்கு வந்தார். பையனுக்குக் கல்யாணம். தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுத்தார். உட்காரச் சொல்லி, மகள், பேத்தியெல்லாம் சௌக்கியமா என்று பேச்சுக்குக் கேட்டேன். மகள் முன்னைப்போல் வந்து தங்குவதில்லை என்றார். "அவளுக்கு மனசு ஆறுல தம்பி. கொட்டாயில வண்டிய நிறுத்தாதீங்கன்னு முன்னமே சொன்னாளாமா. நாந்தான் கேக்குல. கொழந்தைய வெச்சுக்கிட்டு அப்படி ஆயிப்போச்சு." அவர் சாதாரணமாகச் சொன்னார். தன் மேல்தான் தப்பு என்பது அவருக்குள் தீர்ந்துபோன விஷயமாக இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகை கையில் இருந்தது, நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு கிடைத்தது. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் வந்தேன். அப்புறமும் சில வாரம் போனது.

ஒரு காலையில் அவர் தோட்டத்துக்குப் போனேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபியூஸ் எங்கே இருந்திருக்க வேண்டும், எங்கே வைத்தேன், தகட்டைத் தேய்த்தது, எலி, ஸ்பிரே, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மோட்டார் ரூமைக் காட்டினார். "மோட்டாருக்குச் சின்ன ஒயர் போட்டா காயில் வெந்துரும்னு எங்களுக்கே தெரியுமே தம்பி. உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியுங்கய்யா என்றேன். அவ்வளவு கோபத்தை அதற்கு முன் நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை, ஆனால் குரல் உயரவில்லை. கொண்டுபோன பணத்தை நீட்டினேன். எண்ணிப் பார்த்து வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டார். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "எங்கிட்டச் சொன்னது பத்தாது. அவகிட்ட நீயே வந்து சொல்லோணும்."

மகள் வீட்டுக்கு அவரோடு போனேன். குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயசுக்கு வளர்ந்திருந்தாள், திண்ணையில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் அந்தத் தங்கச்சி ஒரே கேள்வி கேட்டது. "அன்னிக்கு எம்புள்ள வண்டிக்குள்ள இருந்தான்னு தெரிஞ்சும் எலின்னு சொன்னீங்களாண்ணா?" ஆமாம் என்றேன். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. அப்பாவைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் உள்ளே வாங்க என்றாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கக் கூடாதுதான். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

காதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் நான் வாய் திறந்ததில்லை. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம். நாங்கள் கட்டிக் கொடுக்கும் செட்டுகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. எனக்கு இடது காதில் ராத்திரியில் ரீங்காரம் நிற்பதேயில்லை. அது வந்த பிறகும் ஒரு பையனிடமும் நான் சொன்னதில்லை. இப்போது செட்டை ஒப்படைக்கும்போது ஃபோனில் டெசிபல் மீட்டரைப் போட்டுக் காட்டுகிறேன். சிலர் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அதற்கு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேலையை இப்போது முறையாகச் செய்கிறேன். அதை விவரித்து நல்ல பெயர் வாங்க இது இடமில்லை. என்னைத் தூங்கவிடாதது வேறு. அந்த வருஷங்களில் நான் மாட்டிய வண்டிகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்று என்னிடம் நோட்டு கிடையாது. பில்லில் ஃபோன் நம்பர் எழுதியிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லி, வந்தவர்களுக்குக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். பல நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. பல வண்டிகள் கைமாறிவிட்டன. செட்டைக் கழற்றிய பிறகும் ஒயரை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பேட்டரியில் மாட்டியபடி, இன்னொரு முனை டிக்கியில் டேப் சுற்றிக் கிடக்கும். வாங்கினவருக்கு அது இருப்பதே தெரியாது.

அதனால் பழைய வண்டி வைத்திருக்கும் யாராக இருந்தாலும், யார் கடையில் மாட்டியதாக இருந்தாலும், ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் கம்பெனி ஒயர்களோடு சேராமல் தனியாகத் தடித்த ஒயர் ஒன்று, பெரும்பாலும் சிவப்பு அல்லது நீலம், கிளம்பிப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் அதைக் கையால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போங்கள். ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் ஹோல்டர் கையில் தட்டுப்பட வேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே நிஜமான ஃபியூஸ் இருக்க வேண்டும். எரிந்ததற்குப் பதிலாகக் கம்பியோ நட்டோ வைத்து அடைத்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நிஜமான ஃபியூஸ் இல்லையென்றால் 10 நம்பர் ஸ்பேனரை எடுத்து, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், பிறகு அந்த ஒயரை மட்டும் பாசிட்டிவிலிருந்து எடுத்து நுனியில் டேப் சுற்றிவிட்டு, நெகட்டிவைத் திரும்ப மாட்டுங்கள். பாட்டு நின்றுபோகும், வண்டி ஓடும். கோபிப் பக்கம் மாட்டிய வண்டி என்றால் விசாரித்து என் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஒயரும் ஃபியூஸும் என் செலவு.